உங்க பேரைச் சொல்லுங்க

டீச்சரம்மா எங்கள் இல்லத்துக்கு வந்த அன்று கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியில் இருந்த படம் தேய்ந்துபோய், ஓரமெல்லாம் துரு ஏறியிருந்தது. பெட்டி படுக்கையெல்லாம் மகன் தூக்கிவந்தார். அந்த டப்பாவை மட்டும் அவர் யாரிடமும் தரவில்லை. ஆபீஸ் அறை நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். "மாத்திரை எல்லாம் எங்ககிட்டக் குடுத்துருங்கம்மா. இனிமே வேளாவேளைக்கு நாங்களே குடுத்துருவோம். உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம்."

"எனக்குக் கவலைன்னு நான் எப்பச் சொன்னேன் அம்மிணி?" என்றார். குரலில் கோபம் இல்லை. "இருவத்தாறு வருசமாச் சக்கரை இருக்குது. பள்ளிக்கூடத்துக்கும் போனேன், மூணு பிள்ளைகளையும் வளத்தேன், என் மாத்திரையையும் நானேதான் பாத்துக்கிட்டேன். இதையும் வாங்கி வெச்சுக்கிட்டா நான் இங்க என்னத்தப் பண்றது?"

மகன் சங்கடப்பட்டு, "சிஸ்டர் சொல்றாங்கல்ல, குடுத்துரும்மா" என்றார். டீச்சரம்மா டப்பாவை நீட்டினார். நான் வாங்கி, எண் எழுதி, மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். 2019-ல் நடந்தது இது. கோயமுத்தூர்ப் பக்கம், முப்பத்தைந்து முதியவர்கள் இருக்கும் இல்லம். செவிலியர் பொறுப்பு எனக்கு. விதிப்படிதான் செய்தேன். ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வெறும் கையோடு அறைக்கு நடந்துபோன அந்த அம்மாவின் முதுகு கண்ணிலேயே நின்றது.

டப்பாவை மூன்று மாதம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தேன். ஏன் வாங்கினேன், ஏன் திருப்பிக் கொடுத்தேன் என்று சொல்வதானால் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1981-ல் ஓர் அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். நாற்பது கட்டில்கள். கட்டில்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் தனிக் கணக்கு. நைட் டியூட்டிக்கு ஒரே ஒரு சிஸ்டர். மாத்திரைகள் பெரிய பெரிய டப்பாக்களில் ஆயிரக்கணக்கில் மொத்தமாக வரும். பெயர் அச்சடித்த அட்டையில் வந்த மாத்திரையை அந்த வார்டில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போவோம், கேஸ் ஷீட்டைப் பார்ப்போம், அன்றைக்கு முழுவதும் வேண்டியதைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவோம். "வெள்ளை காலைல, மஞ்சள் ராத்திரிக்கு, சிவப்பு மூணு வேளை." அவ்வளவுதான் பாடம்.

வாங்கியவர்கள் முந்தானையில் முடிந்துகொள்வார்கள். முடிச்சு வியர்வையில் நனைந்து, மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டி, சாயம் கலந்து, எது மஞ்சள் எது வெள்ளை என்று தெரியாமல் போகும். விடிகாலையில் வார்டைப் பெருக்கும் ஆயா, முறத்தில் நாலைந்து மாத்திரைகளோடு வந்து, "சிஸ்டர், இன்னிக்கு இத்தனை" என்று காட்டுவார். யார் போடாமல் விட்டது, யாருடைய தலையணைக்கு அடியிலிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. முறத்தைக் குப்பைத் தொட்டியில் தட்டிவிட்டு டியூட்டியை ஒப்படைத்துப் போவோம்.

நோயாளி தன் மருந்தைத் தானே எடுத்துக்கொள்வதற்குத் துணை நிற்பது எப்படி என்று இன்று நான் புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அன்றைக்கு அந்த வார்டில் அத்தனை பேரும் தாங்களாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். கையில் மாத்திரையைக் கொடுத்தோம். அது என்ன மருந்து, எதற்காக, எது நடந்தால் எங்களைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு சொல் சொல்லவில்லை. யாராவது துணிந்து கேட்டால், "டாக்டர் எழுதினது, பேசாமப் போடுங்க" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன், பல நூறு தடவை.

அந்தக் காலத்தில் ஒரே ஒருவர் நோயாளியின் கையை நம்பி வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் புறநோயாளிப் பிரிவின் கம்பவுண்டர். மிக்சர் வாங்க வருபவர்கள் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். அவர் பாட்டிலைக் கழுவி, மருந்தை ஊற்றி, ஒரு நீளக் காகிதத் துண்டை எடுத்து மடிப்பார். மடிப்பின் ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறு சிறு பல்லாக வெட்டுவார். பிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் படி இறங்கும். அதைப் பசை தடவிப் பாட்டிலின் பக்கவாட்டில் நெடுக ஒட்டி, விரலால் நீவுவார். "ஒரு வேளைக்கு ஒரு பல் இறங்கணும் தாயி. குலுக்கிட்டுக் குடிக்கணும்." எழுத்துத் தெரியாத ஒரு பெண் தன் குழந்தைக்கு எவ்வளவு கொடுத்தோம், எத்தனை வேளை மிச்சம், நேற்று ராத்திரி விட்டுப்போயிற்றா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அரையங்குல அகலக் காகிதம்தான். அதற்குப் பிறகு எத்தனையோ விலை உயர்ந்த மாத்திரைப் பெட்டிகளைப் பார்த்துவிட்டேன், அதைவிட மரியாதையான கருவி ஒன்றைப் பார்த்ததில்லை.

நாங்கள் நல்லது என்று நம்பிச் செய்த சில காரியங்கள் இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகின்றன. ரத்த அழுத்தம் எகிறி வருபவர்களுக்கு நிஃபெடிபின் காப்ஸ்யூலை ஊசியால் குத்தி, நாக்குக்கு அடியில் பிழிந்துவிடுவோம். கால் மணி நேரத்தில் பாதரசம் சரசரவென்று இறங்கும். உறவினர்கள் கும்பிடுவார்கள். அப்படி அழுத்தத்தைத் திடீரென்று இறக்கியதால் பக்கவாதம், மாரடைப்பு, மரணம் வரை போன நோயாளிகளைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்து, இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. எங்கள் வார்டுக்கு அந்தச் செய்தி வந்து சேரச் சில வருஷம் ஆயிற்று. அதுவரை குத்திப் பிழிந்த கை இதுதான்.

ஆனால் என் தவறு என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய ராத்திரி ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். வார்டில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள். ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்குக் காய்ச்சல். சர்க்கரைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கிளிபென்கிளமைடை எடுத்துக்கொண்டு போனேன். பாதி விளக்கு அணைந்திருந்தது. பாயில் படுத்திருந்தவரின் தோளைத் தொட்டு, பெயரைச் சொல்லி, "நீங்கதானே?" என்றேன். தூக்கத்தில் எழுந்தவர் என் வெள்ளை உடுப்பைப் பார்த்து, "ஆமாங்க" என்றார். கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பின்னிரவு மூன்று மணிக்குப் பக்கத்துப் பாய்க்காரி ஓடிவந்தாள். போய்ப் பார்த்தால் அந்தப் பெண்ணின் சேலை வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. கூப்பிட்டால் முழிக்கிறார், ஆனால் என்னைத் தெரியவில்லை. வாய் எதையோ உளறுகிறது. டியூட்டி டாக்டர் வந்து குளுக்கோஸை நரம்பில் ஏற்றினார். சிறிது நேரத்தில் கண் தெளிந்து, "தண்ணி குடுங்கம்மா" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு நான் அழுதேன்.

காலையில் சீனியர் சிஸ்டரிடம் சொன்னேன். நல்லவர்தான், என் மேல் பிரியமும் உள்ளவர். "பொழைச்சுக்கிச்சுல்ல? விடு. எங்கயும் எழுதாதே, உன் வேலைக்கு வினையாயிரும்" என்றார். எழுதவில்லை. அதனால் அடுத்து அந்த வார்டுக்கு வந்த எந்தச் சிஸ்டருக்கும் இப்படி ஒன்று நடந்தது தெரியாது. ஒரே பெயரில் இருவர் வந்தால் கட்டிலை மாற்றிப் போட வேண்டும், கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் குறிக்க வேண்டும் என்ற ஏற்பாடு எதுவும் வரவில்லை. தவறை விட அதை மூடியது பெரிய தவறு என்று புரிய எனக்கு வெகுகாலம் பிடித்தது.

அன்றிலிருந்து நான் யாரிடமும் "நீங்கதானே?" என்று கேட்பதில்லை. "உங்க பேரைச் சொல்லுங்க" என்பேன். முதல் கேள்விக்கு ஆமாம் போட்டுவிடலாம். இரண்டாவதற்கு அவரே வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும்.

2016-ல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷமே ஒரு முதியோர் இல்லத்தில் பொறுப்பு நர்ஸாகச் சேர்ந்தேன். பளபளவென்ற இடம். ஆளுக்கொரு மருந்துத் தட்டு, ஆளுக்கொரு சார்ட், கொடுத்ததும் கையெழுத்து. முறத்தில் மாத்திரை பொறுக்கிய காலத்துக்கு எதிர்க்கோடியில் வந்து சேர்ந்துவிட்டதாக மகிழ்ந்தேன். உள்ளே வரும் ஒவ்வொருவரிடமிருந்தும் மருந்து முழுவதையும் வாங்கிவிட வேண்டும், ஒரு விக்ஸ் டப்பா கூட அறையில் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பாதுகாப்பு என்றால் அதுதான் என்று நானும் நம்பினேன்.

அங்கே மூட்டுவாதம் உள்ள ஒரு பாட்டி வந்தார். விரல்கள் கோணிப்போயிருந்தன. மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை அது. தினமும் போட்டால் விஷம். எலும்பு மஜ்ஜையை வாட்டும், வாயையும் குடலையும் புண்ணாக்கும். பாட்டியின் சீட்டில் டாக்டர் வாரம் ஒன்று என்றுதான் எழுதியிருந்தார், கிறுக்கலாக. அதைச் சார்ட்டுக்கு மாற்றி எழுதிய பிள்ளை தினம் ஒன்று என்று எழுதிவிட்டது. கீழே சரிபார்த்தேன் என்று போட்ட கையெழுத்து என்னுடையது. அன்று புதிதாக நான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். சீட்டை நான் பிரித்துப் பார்க்கவே இல்லை.

எட்டு நாள் தினமும் கொடுத்திருக்கிறோம். வாயெல்லாம் வெந்து, எச்சில் விழுங்க முடியாமல், சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்த பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. தட்டைப் பார்த்த கணத்தில் தெரிந்துவிட்டது. மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்த அணுக்கள் பாதாளத்துக்கு இறங்கியிருந்தன. மூன்று வாரம் போராடிப் பிழைத்தார்.

பிழைத்த பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை இன்றும் வார்த்தை மாறாமல் சொல்வேன். "ரெண்டாம் நாளே சொன்னேன் சாமி. இது திங்கக்கிழமை போடற மாத்திரை, நேத்துதானே போட்டேன்னு. அந்தப் புள்ள, சார்ட்டுல இருக்குதுங்க பாட்டி, போட்டுக்கோங்கன்னுச்சு. படிச்ச புள்ள சொல்லுதே, டாக்டர் மாத்தியிருப்பாங்களாட்டம் இருக்குதுன்னு போட்டுக்கிட்டேன்."

பதினோரு வருஷமாக அவர் அந்த மாத்திரையைத் திங்கட்கிழமை திங்கட்கிழமையாகப் போட்டுவந்திருக்கிறார். வீட்டில் நாட்காட்டித் தாளைக் கிழித்து அதிலேயே மடித்து வைப்பாராம். ஒரு தடவை கூடத் தவறவில்லை. எங்கள் கையில் கொடுத்து எட்டே நாளில் சாவின் வாசல் வரை போனார். அந்த இல்லம் முழுக்கத் தேடினாலும் அந்த மருந்தைப் பற்றி அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவருடைய பேச்சை மட்டும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் நானும் அந்த இடத்தை விட்டு, இப்போதிருக்கும் இல்லத்துக்கு வந்துவிட்டேன்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். ஒரு நாள் போனில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள், "உன் ஒருத்தி கையில மட்டும் நடக்கறது இல்லடி இது. இங்கயே அளந்து பாத்திருக்காங்க" என்று சொல்லி, ஓர் ஆய்வைப் பற்றி விளக்கினாள். 2009-ல் வெளியானது. 55 இல்லங்கள், 256 முதியவர்கள். ஆளுக்குச் சராசரி எட்டு மருந்து. பத்தில் ஏழு பேருக்கு ஏதாவது ஒரு மருந்துத் தவறு நடந்திருந்தது. எழுதியதில், கடையில் எடுத்துக் கொடுத்ததில், வாயில் போடக் கொடுத்ததில், பின்னால் கண்காணித்ததில் என்று எல்லாப் படியிலும். அத்தனை சார்ட், அத்தனை விதி உள்ள நாட்டிலேயே இப்படி.

அவள் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை உலுக்கியது. அங்கே நைஸ் என்ற அரசு அமைப்பு 2014-ல் இல்லங்களுக்கான மருந்து வழிகாட்டி நெறிகளை வெளியிட்டிருக்கிறது. அதன்படி, இல்லத்துக்கு வரும் ஒருவர் தன் மருந்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். முடியாது என்று சொல்வதானால், அதை மதிப்பிட்டுப் பார்த்த பிறகே சொல்லலாம். நான் அதுவரை கற்றுக்கொண்டிருந்தது இதற்கு நேர் தலைகீழ். வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவது. முடியுமா முடியாதா என்று கேட்பதே கிடையாது.

நம் ஊரிலேயே பாருங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் பெண்கள் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். தனியாக இருக்கும் கிழவி அதை வாங்கி மாடத்தில் வைத்து வேளைக்குப் போட்டுக்கொள்கிறாள். அதே கிழவி இல்லத்துக்கு வந்தால், வாசற்படி தாண்டிய நிமிஷம் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடுகிறது. இதை எப்படி நியாயம் என்பது?

டீச்சரம்மாவின் டப்பாவுக்கு வருகிறேன். நிர்வாகத்திடம் பேசிச் சம்மதம் வாங்கவே இரண்டு மாதம் ஆனது. பிறகு ஒரு நாள் மத்தியானம் அவர் அறையில், கட்டிலில் வெள்ளைத் துண்டு விரித்து, டப்பாவை அவரையே கவிழ்க்கச் சொன்னேன். கொட்டியது ஒரு சின்ன மெடிக்கல் ஷாப். கடைக்காரர் கத்தரித்துக் கொடுத்த அட்டைத் துண்டுகள், நாலு மாத்திரை, ஆறு மாத்திரை என்று. சிலவற்றில் பெயர் வெட்டுப்பட்டிருந்தது, சிலவற்றில் காலாவதி தேதி. 2016-லேயே முடிந்துபோன இருமல் மாத்திரை. ரப்பர் பேண்டு போட்ட பழைய சீட்டுகள்.

"ஒவ்வொண்ணா எடுத்து, இது எதுக்கு, எப்பப் போடுவீங்கன்னு சொல்லுங்க டீச்சரம்மா."

வகுப்பு எடுப்பது மாதிரிச் சொன்னார். தைராய்டு மாத்திரை விடிகாலையில் வெறும் வயிற்றில், காபிக்கு முக்கால் மணி முன்னால். மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு. கொழுப்பு மாத்திரை படுக்கும்போது. எல்லாம் சரி. பிரஷருக்கு என்று இரண்டு அட்டைகளை எடுத்தார். "இது ஊர் டாக்டர் குடுத்தது. இது கோயமுத்தூர் ஆஸ்பத்திரில குடுத்தது." பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் இரண்டு வேறு பெயர்கள். கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் அம்லோடிபின். ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாங்களும் மூன்று மாதமாக அப்படியே கொடுத்துவந்திருக்கிறோம். அவர் கால் வீக்கம் வயசினால் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். டாக்டரிடம் சொல்லி ஒன்றை நிறுத்திய சில வாரத்தில் வீக்கம் வடிந்து, கொலுசு போட்ட தடம் கணுக்காலில் தெரிந்தது.

மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ல் விதியைத் திருத்தியது. எங்களுக்கு வரும் சீட்டுகளில் அதைக் கடைப்பிடிப்பவை இன்றும் குறைவு. அதனால் இப்போது ஒவ்வொருவருடைய சீட்டிலும் மூலப்பெயரைத் தமிழில் நாங்களே எழுதி, எதற்கு என்பதையும் பக்கத்தில் எழுதுகிறோம்.

டப்பாவை ஒரே நாளில் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. முதல் பதினைந்து நாள், மாத்திரை எங்கள் அலமாரியில். வேளைக்கு அவர் வந்து கேட்டு, எடுத்து, என் கண் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன். அடுத்து ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும் அவர் அறையில். அதன் பிறகு மாதம் முழுவதற்கும். பூட்டுப் போட்ட இழுப்பறை, சாவி அவர் இடுப்பில். வீட்டில் தனியாக இருந்தவரை பூட்டு தேவைப்படவில்லை. இங்கே பக்கத்து அறைக்காரர் மறதியில் உள்ளே வந்து எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது அல்லவா. போட்டதும் நாட்காட்டியில் அவரே ஒரு டிக் போடுவார். மாதம் ஒரு தடவை மிச்சத்தை இருவரும் சேர்ந்து எண்ணுவோம். உடம்பு சரியில்லாமல் படுத்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினாலோ மறுபடி முதலிலிருந்து பார்ப்போம். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி, ஒப்புதல் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். பதிலுக்கு அவர் என்னிடம் ஒரு கையெழுத்து கேட்டார், டப்பாவை நியாயமில்லாமல் வாங்க மாட்டேன் என்று. போட்டுக் கொடுத்தேன்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் ஊரில் இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வலுவில் கிடைக்கிறது. பேனாவில் போடுவது பெரும்பாலும் 100. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பேனா மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்துக் கோடு வரை உறிஞ்சினால் உள்ளே போவது 25 யூனிட். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் பேனா ரிப்பேர் ஆன அன்று அப்படித்தான் உறிஞ்சப் போனார். நல்லவேளை, எதற்கும் கேட்டுவிடலாம் என்று சிரிஞ்சோடு என்னிடம் வந்தார். திட்டாமல் இருக்கப் பழகியிருந்ததால்தான் வந்தார்.

எல்லோரிடமும் டப்பாவைக் கொடுத்துவிட முடியாது. பேங்க் மேனேஜராக இருந்த ஐயாவிடம் கொடுத்து, ஆறே மாதத்தில் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. போட்டதை மறந்து மறுபடி போட்டுக்கொண்டார். நாட்காட்டியில் ஒரே தேதியில் மூன்று டிக். மகள் வந்து, "வாழைப்பழத்துக்குள்ள வெச்சுக் குடுத்துருங்க சிஸ்டர், கேட்டாத்தான் வம்பு பண்றார்" என்றார். அவர் சிரமம் எனக்குப் புரிந்தது. ஆனால் தெரியாமல் ஊட்டுவதற்குச் சம்மதிக்கவில்லை. டாக்டர், மகள், நான் மூவரும் உட்கார்ந்து பேசினோம். ஐயா மறுப்பது மருந்தை அல்ல, விழுங்கக் கஷ்டமான பெரிய மாத்திரையை என்று தெரிந்தது. அது மெல்ல மெல்லக் கரையும்படி செய்த சர்க்கரை மாத்திரை. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்று இருக்கும். அதை நுணுக்கிப் பழத்தில் வைத்தால் நாள் முழுவதும் கரைய வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும். டாக்டர் சின்ன மாத்திரையாக மாற்றி எழுதினார். இப்போது வாங்கிப் போட்டுக்கொள்கிறார், தெரிந்தே.

நடுக்குவாதம் உள்ள இன்னொரு ஐயாவுக்குப் புத்தி கூர்மை. விரல்தான் சொன்னபடி கேட்காது, அட்டையிலிருந்து மாத்திரையைத் தள்ள வராது. அவருடைய மாத்திரை அரை மணி பிந்தினால் நாற்காலியை விட்டு எழ முடியாமல் உறைந்துபோவார். முன்பு எங்கள் ட்ராலி வரும் நேரம்தான் அவருக்கு நேரம். இப்போது அவர் போனில் அலாரம் அடிக்கிறது, காலை 7, 11, பிற்பகல் 3, இரவு 7. அவர் கூப்பிடுகிறார், நாங்கள் போய் அட்டையைப் பிரிக்கிறோம், அவர் வாயில் போட்டுக்கொள்கிறார். நேரம் அவர் கையில், அட்டை எங்கள் கையில்.

போன வருஷம் ஆடி மாதம் டீச்சரம்மா இழுப்பறையைத் திறந்து, புதிதாக வந்த மாத்திரையோடு என் மேசைக்கு வந்தார். "அம்மிணி, சக்கரை மாத்திரை ரோஸ் கலர்ல இருக்கும். இது பச்சையா இருக்குது."

கம்பெனி மாறியிருக்கும் டீச்சரம்மா, போட்டுக்கோங்க என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. நாற்பது வருஷப் பழக்கம். நிறுத்திக்கொண்டு அட்டையை வாங்கிப் பார்த்தேன். கிளிமிபிரைடு, அதே கம்பெனி. 1 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 2. கடையிலிருந்து மாறி வந்திருக்கிறது, எங்கள் ஆட்கள் இருவர் எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த வயசில், அரை வயிற்றுச் சாப்பாட்டில், அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பாயில் வியர்த்துக் கிடந்த பெண்ணின் முகம் வந்து நின்றது.

தவறுப் பதிவேட்டை எடுத்து எழுதினேன். இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறோம், யாரையும் வேலையை விட்டு அனுப்புவதற்காக அல்ல. கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் டீச்சரம்மா பெயரை எழுதினேன். அவர் பேனாவை வாங்கி, நான் எழுதியதில் இருந்த ஒற்றுப் பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ராத்திரி எட்டரைக்கு ட்ராலியை எடுக்கும்போது இன்றும் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்கிறேன். சொல்ல முடியாதவர்களுக்குச் சார்ட்டில் போட்டோ ஒட்டியிருக்கிறோம். பேங்க் ஐயாவுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. "தெனமும் கேக்கறீங்களே சிஸ்டர், சாயங்காலம்தானே ரெண்டு பேரும் ஒண்ணாக் காபி குடிச்சோம்? என் பேர் உங்களுக்குத் தெரியாதா?" என்பார். "தெரியுங்கய்யா. ஆனாலும் நீங்க சொல்லுங்க" என்பேன். இனிஷியலோடு, பேங்கில் கையெழுத்துப் போடுகிற தோரணையில் சொல்வார்.

இப்போதெல்லாம் கோபப்படுவதில்லை. நேற்று கேட்டதும் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். உதடு அசைந்தது. இனிஷியல் வந்தது. பெயர் இன்னும் வரவில்லை. போட்டோ கையில் இருந்தது, பார்த்துவிட்டு மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போயிருக்கலாம். தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவசரமில்லீங்கய்யா" என்றேன்.